சொந்த ஊரில் வீடு

நாமக்கல்லில் வாடகைக்கு வீடு தேடுகிறவர்களுக்கு வருடத்தில் இரண்டே பருவம்தான். சித்திரை, வைகாசி ஒன்று. மிச்சப் பத்து மாதம் இன்னொன்று. முதல் பருவத்தில் வீடுகள் காலியாகும். காலியான அன்றைக்கே நிரம்பியும் விடும். வெளி மாவட்டங்களிலிருந்து பிளஸ் ஒன், பிளஸ் டூ படிக்க வைக்கப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். அம்மாவும் பிள்ளையும் இரண்டு வருடம் இங்கே தங்குவார்கள். அப்பா மாதம் ஒருமுறை பையோடு வந்து போவார். கேட்ட வாடகையைக் கொடுப்பார்கள், சுவரில் ஆணி அடிக்க மாட்டார்கள், பரீட்சை முடிந்ததும் தாங்களாகவே கிளம்பிவிடுவார்கள். வீட்டுக்காரர்களுக்கு இதைவிட நல்ல குடித்தனம் கிடையாது. இரண்டாம் பருவத்தில் வீடே இருக்காது.

எங்கள் வீட்டுக்காரம்மா மாசி மாதத்தில் ஒரு காலை வாசல் குழாயைப் பார்த்தபடி விஷயத்தைச் சொன்னார்.

"அம்மிணி, ராமநாதபுரம் பக்கமிருந்து ஒரு குடும்பம் கேக்கறாங்க. பையனைச் சேத்தப் போறாங்களாம். நீங்க குடுக்கறதுல ரெண்டு மடங்கு சொல்றாங்க. நானும் எத்தனை நாளைக்குத்தான் பாக்கறதுங்க."

ஒன்பது வருடம் அந்த வீட்டில் இருந்தோம். "சரிங்க" என்றேன். கோபம் வரும் என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். வரவில்லை. உள்ளே போய் அரிசியைக் களைந்து உலையில் போட்டேன்.

நாங்கள் என்றால் நானும் அப்பாவும். என் கணவர் திருச்செங்கோட்டுக்காரர் ஒருவரின் போர்வெல் ரிக் வண்டியில் வேலை பார்க்கிறார். வடக்கே எங்காவது போர் போட்டுக்கொண்டிருப்பார். வருடத்துக்கு இரண்டு முறை வருவார். குழந்தை இல்லை. நான் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றின் ஆபீசில் பில் போடுகிறேன். அப்பா முப்பது வருடம் லாரி ஓட்டியவர். நாலு வருடத்துக்கு முன் அவருக்கு வலது கையும் காலும் இழுத்துக்கொண்டன. பேச்சு குழறும். பழகியவர்களுக்கு மட்டும் புரியும். அந்த ஆஸ்பத்திரிச் செலவுக்காகத்தான் மல்லசமுத்திரத்தில் இருந்த ஓட்டு வீட்டை விற்றோம். வாங்கியவர் பருத்தி வியாபாரம் செய்யும் ஒரு பாய். குடியிருக்க வாங்கவில்லை, மூட்டை அடுக்கி வைக்க வாங்கினார். பத்திர ஆபீசில் அப்பா கைரேகை வைத்துவிட்டு, மையை என் துப்பட்டாவில் துடைத்தார். அந்தக் கறை இன்னும் போகவில்லை.

வீடு பார்த்துத் தர ஒரு புரோக்கர் கிடைத்தார். ஐம்பது வயதிருக்கும். ஒரு காலத்தில் லாரி ஆபீசில் புக்கிங் பார்த்தவர். லாரி ஆபீஸ்கள் படுத்தபோது இந்தத் தொழிலுக்கு வந்துவிட்டார். மொபெட்டில் வருவார். வந்தால் முதலில் அப்பாவின் கட்டிலில் உட்கார்ந்து பத்து நிமிடம் ரோடு பேசுவார். எந்தக் கணவாயில் இப்போது நாலு வழிச்சாலை ஆகிவிட்டது, எந்த டாபா இப்போது இல்லை, இப்படி. அப்பா குழறுவது அவருக்கு முதல் நாளே புரிந்துவிட்டது. அது எனக்கு ஆச்சரியமாகவும் கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது. எனக்கு மூன்று மாதம் ஆயிற்று.

அவர் தொழில் செய்யும் விதம் எளிமையானது. முதலில் யாருமே குடியிருக்க முடியாத இரண்டு வீட்டைக் காட்டுவார். ஒன்றில் கக்கூஸ் கதவுக்குள் அப்பாவை உட்கார வைக்கும் நாற்காலி நுழையாது. இன்னொன்று கோழித் தீவனக் கடைக்கு மேலே. மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் படியேற வேண்டும். மூன்றாவதாக ஒரு சுமாரான வீட்டைக் காட்டும்போது அது அரண்மனை போலத் தெரியும். "ஏனுங்க, வேணும்னே பண்றீங்களா?" என்று கேட்டேன். "ஆமாங்கக்கா" என்றார், வெட்கமே இல்லாமல்.

வாடகைதான் வாயைப் பிளக்க வைத்தது. ஆறாயிரத்துக்கு இருந்தவர்களிடம் பன்னிரண்டாயிரம் கேட்டார்கள். பத்து மாத அட்வான்ஸ். அந்த அட்வான்ஸ் என்பதும் ஒரு நம்பிக்கைதான். கல்யாணம் ஆனதிலிருந்து நாலு வீடு காலி செய்திருந்தேன். ஒரு இடத்திலும் முழுப்பணம் திரும்பியதில்லை. பெயின்ட் அடிக்கவேண்டும் என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வார்கள். காலண்டர் மாட்டிய ஆணி ஓட்டைக்குத் தனியாகப் பிடித்த ஒருவரும் உண்டு. அந்தக் காலண்டரே அவர் கடையில் கொடுத்ததுதான்.

ஆனால் பணத்துக்கு எப்படியோ ஏற்பாடு செய்துவிட்டேன். கணவர் முதலாளியிடம் முன்பணம் வாங்கி அனுப்பினார். பிறகும் வீடு கிடைக்கவில்லை. சித்திரை போயிற்று, வைகாசி போயிற்று. வீட்டுக்காரம்மாவிடம் கெஞ்சி ஆனி வரைக்கும் தவணை வாங்கினேன். பதினோரு வீடு பார்த்தேன். எல்லா இடத்திலும் மரியாதையாக உட்கார வைத்தார்கள், மோர் கொடுத்தார்கள், ஒரே மாதிரிக் கேள்வி கேட்டார்கள். எத்தனை பேருங்க? ஊட்டுக்காரரு என்ன பண்றாருங்க? கறி சமைப்பீங்களா? பெரியவருக்கு எப்படி இருக்குதுங்க? கடைசியாக, டம்ளரைத் திரும்ப வாங்கும்போது, போகிறபோக்கில் கேட்பது போல ஒன்று கேட்பார்கள்.

"சொந்த ஊர்ல ஊடு இருக்குதுங்களா?"

நான் அதை விசாரிப்பு என்று நினைத்தேன். என்ன ஆட்கள், காடு கரை உண்டா என்று தெரிந்துகொள்ளும் சுற்று வழி என்று நினைத்தேன். அதனால் உண்மையைச் சொன்னேன். "இல்லீங்க, வித்துட்டோம். எங்களுக்குப் போறதுக்கு வேற எடமே இல்லீங்க. ஊடு குடுத்தீங்கன்னா கடைசி வரைக்கும் இங்கயேதான் இருப்போம்" என்பேன். நிலையாக இருக்கும் குடித்தனத்தை யார் வேண்டாம் என்பார்கள்? அதைச் சொல்லும்போது எனக்கே என் மேல் ஒரு மதிப்பு வரும். அவர்கள் "கலந்து பேசிட்டுச் சொல்றோமுங்க" என்பார்கள். மறுநாள் புரோக்கருக்குப் போன் வரும். மகன் வருகிறான், மருமகள் வேண்டாம் என்கிறாள், வாஸ்து சரியில்லை. பதினோரு முறையும் நான் அந்தப் பதிலைச் சொன்னேன்.

பன்னிரண்டாவது வீடு பரமத்தி ரோட்டுப் பக்கம் புதிதாகக் கட்டிய அப்பார்ட்மென்டில் இரண்டாவது மாடி. லிப்ட் இருந்தது. கட்டியவர் கோழிப்பண்ணைக்காரர், கீழ்த்தளத்தில் அவரே குடியிருந்தார். அன்றைக்கு அப்பா தானும் வருவேன் என்று அடம் பிடித்தார். உடம்பு முடியாதவரைக் கூட்டிப்போனால் கிடைக்கிற வீடும் கிடைக்காது என்று சொன்னேன். வாய்விட்டுத்தான் சொன்னேன். அவர் சட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேறு வழியில்லாமல் நானும் புரோக்கருமாக ஆட்டோவில் ஏற்றினோம்.

பண்ணைக்காரர் நல்ல மனிதர். அப்பாவைப் பார்த்ததும் எழுந்து நின்றார். கேள்விகளை வரிசையாகக் கேட்டார். கடைசிக் கேள்விக்கு நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா பேசினார். ஒவ்வொரு சொல்லாக, புரிய வேண்டும் என்று கஷ்டப்பட்டுப் பேசினார்.

"இருக்குதுங்க. மல்லசமுத்திரத்துல. ஓட்டு ஊடு. எது நடந்தாலும் அங்கதானுங்க."

பண்ணைக்காரர் முகத்தில் இருந்த ஏதோ ஒன்று தளர்ந்தது. "அப்ப நல்லதுங்க. ஆனி கடைசிக்குள்ள பால் காய்ச்சிருங்க. ஆடி பொறந்துட்டா நல்லா இருக்காது" என்று சாவியைக் கொண்டுவரச் சொன்னார்.

ஆட்டோவில் திரும்பும்போது கேட்டேன். "ஏனப்பா பொய் சொன்னீங்க? ஊடுதான் வித்துட்டமே. நாளைக்குத் தெரிஞ்சா?"

"அவங்க கேட்டது ஊட்டைப் பத்தி இல்ல சாமி" என்றார் அப்பா. "நான் போயிட்டா எங்க கொண்டு போவீங்கன்னு கேக்கறாங்க. புது ஊட்டுல பொணத்தை வெச்சா அடுத்தாப்புல யாரு குடி வருவாங்க?"

புரோக்கர் மொபெட்டில் பக்கத்திலேயே வந்துகொண்டிருந்தார். சிக்னலில் நின்றபோது அவரைப் பார்த்தேன். அவர் சிக்னலைப் பார்த்தார். பதினோரு வீட்டிலும் அவர் என்னோடு உட்கார்ந்து மோர் குடித்தவர். இந்த நிலையில் அப்பாவை வீட்டில் வைத்துக்கொண்டு "கடைசி வரைக்கும் இங்கயேதான்" என்று நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவர். எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை போலிருக்கிறது. எனக்கு வெட்கமாக இருந்தது. அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை.

ஆனி கடைசி வெள்ளிக்கிழமை பால் காய்ச்சினோம். பால் பொங்கி வழிந்தது. பண்ணைக்காரர் மனைவி ஒரு தட்டு பழம் கொடுத்தார். இரண்டு நாள் கழித்து சாமான்களை ஏற்றி இறக்கினோம். அப்பாவின் கட்டிலை ஜன்னலை ஒட்டிப் போட்டேன். அங்கிருந்து பார்த்தால் பைபாஸில் லாரிகள் போவது தெரியும். எந்த வண்டி லோடு, எந்த வண்டி காலி என்று சத்தத்தை வைத்தே சொல்வார். சரியா தப்பா என்று பார்க்க வழியில்லை, நான் நம்பிக்கொள்வேன்.

ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் உழவர் சந்தைக்குப் போயிருந்தபோது புரோக்கர் வந்து போயிருந்தார். அன்றைக்குச் சாயங்காலம் அப்பாவைக் குளிக்க வைக்கையில் அவர் இடுப்பில் அரைஞாண் கொடியைக் காணவில்லை. வெள்ளிக் கொடி. லாரி ஓட்டிச் சம்பாதித்ததில் அவர் தனக்கென்று வாங்கிக்கொண்ட ஒரே பொருள் அதுதான். ஆஸ்பத்திரியில் கழற்றச் சொன்னபோதுகூட மாட்டேன் என்று சண்டை போட்டிருக்கிறார். ஆண்பிள்ளை இடுப்பில் கொடி இல்லாமல் இருக்கக் கூடாது, செத்தவனுக்குத்தான் அறுப்பார்கள் என்பார்.

"எங்கப்பா கொடி?"

"ஊடு மாத்துனப்ப எங்கயோ உளுந்திருக்கும்."

பொய். முந்தின நாள் சோப்புப் போடும்போது என் கையில் பட்டிருந்தது. ஒற்றைக் கையால் அவரால் அதன் கொக்கியைக் கழற்ற முடியாது. வந்து போனவர் ஒரே ஆள். அப்பா ஏன் அவரைக் காப்பாற்றுகிறார் என்று எனக்குப் புரியவில்லை. கேட்டுச் சண்டை போடத் தெம்பும் இல்லை. மறுநாள் கறுப்புக் கயிறு ஒன்று வாங்கிவந்து கட்டிவிட்டேன். புரோக்கரின் நம்பர் வந்தால் எடுக்காமல் விட்டேன். அவர் அடிக்கடி கூப்பிட்டார். கார்த்திகைக்குப் பிறகு கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டார். திருட்டுப் பயல், வெட்கம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

மார்கழியில் அப்பாவுக்குச் சளி கட்டியது. ஆஸ்பத்திரியில் சேர்த்த மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு டாக்டர் வெளியே வந்து சொன்னார். நான் "சரிங்க" என்றேன். பட்டறைக்குப் போன் செய்து லீவு சொன்னேன். கணவருக்குச் சொன்னேன். அவர் அழுதார். ரயில் பிடித்து வர இரண்டு நாள் ஆகும் என்றார். நான் அழவில்லை. ஆஸ்பத்திரி பில்லில் ஒரு ஊசி இரண்டு தடவை ஏறியிருந்தது. அதைக் காட்டிக் குறைக்கச் சொன்னேன்.

ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்கும்போது பண்ணைக்காரர் கூப்பிட்டார்.

"இப்பத்தானுங்க கேள்விப்பட்டேன். பெரியவரு தங்கமான மனுசன். ஊருக்குத்தானுங்க எடுத்துட்டுப் போறீங்க?"

"ஆமாங்க."

"அதான் சரிங்க. நாங்களும் அங்க வந்து ஒரு மாலை போட்டுட்டு வந்தர்றோம். ஊடு எந்தத் தெருவுங்க?"

பழைய தெருவின் பேரைச் சொன்னேன்.

ஆம்புலன்ஸ் டிரைவர் எங்கே என்று கேட்டதற்கு மல்லசமுத்திரம் என்றேன். வையப்பமலை போகும் வரை யோசித்தேன். யோசித்தேன் என்று சொல்வதே அதிகம். ஊரில் பங்காளிகள் இருந்தார்கள். கேட்டால் வருவார்கள், காசு போடுவார்கள், தூக்குவார்கள். ஆனால் இன்னொரு வீட்டுச் சாவைத் தன் வாசலில் கிடத்து என்று யாரும் சொல்ல மாட்டார்கள், நானும் கேட்க முடியாது. நேராகச் சுடுகாட்டுக்குப் போய்விடலாம் என்று கணவர் சொல்லியிருந்தார். அப்பாவைக் குளிப்பாட்ட ஒரு வாசல் வேண்டும். அவ்வளவுதான் வேண்டும். முப்பது வருடம் ரோட்டோரத்தில் குளித்தவரை அன்றைக்கும் ரோட்டோரத்தில் வைத்துக் குளிப்பாட்டுவதா என்று நினைத்தேன். அதுகூட யாரோ நினைப்பது போலத்தான் இருந்தது.

போன் அடித்தது. புரோக்கர். அன்றைக்கு வந்த எல்லாப் போனையும் எடுத்ததால் அதையும் எடுத்தேன்.

"எங்கீங்கக்கா வந்துட்டிருக்கறீங்க?"

"வையப்பமலை."

"நேரா பழைய ஊட்டுக்கே வந்துருங்க. பட்டறையில சொன்னாங்க, நான் முன்னாடியே வந்துட்டேன். பாய் மூட்டையெல்லாம் எடுத்து வெளிய அடுக்கிட்டாரு. தண்ணி புடிச்சு வெச்சிருக்குது. பந்தலுக்கும் சொல்லியாச்சு."

"எந்தப் பாய்?"

"உங்க ஊட்டை வாங்குனவருங்க." கொஞ்சம் நிறுத்தினார். "ஐயா ஆடி மாசமே பேசச் சொல்லி என்னை அனுப்புனாருங்க. நாலு மணி நேரத்துக்கு வாடகைக்கு வேணும்னு. உங்ககிட்டச் சொல்லவேண்டாம்னுட்டாரு. அப்பறமா மனசு கேக்காம நாந்தான் போன் பண்ணிப் பாத்தேன். நீங்க எடுக்கலீங்க."

அவரே தொடர்ந்தார். "நாலு மணி நேரம் போதுமான்னு கேட்டேனுங்க. ட்ரிப் கணக்கு மாதிரிச் சொன்னாரு. குளிப்பாட்ட ஒரு மணி, சொந்தம் வந்து சேர ரெண்டு மணி, எடுக்க ஒரு மணி. நாமக்கல்லுல இருந்து வர்ற நேரத்துக்கு வாடகை இல்லைன்னும் சொன்னாரு."

வீட்டின் சுவரெல்லாம் பஞ்சு ஒட்டியிருந்தது. கூட்டித் தண்ணீர் தெளித்திருந்தார்கள். தெருவில் பருத்தி மூட்டைகள் தார்பாயின் கீழ் ஆள் உயரத்துக்கு நின்றன. பாய் எதிர்ச் சாரியில் கைகட்டி நின்றிருந்தார். அப்பாவை நடுக்கூடத்தில் கிடத்தினோம். பங்காளிகள் வந்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. வீடு விற்றது அவர்களுக்குத் தெரியும், மூட்டைகளையும் பார்த்தார்கள். பண்ணைக்காரர் மனைவியோடு காரில் வந்து மாலை போட்டார். ஓட்டையும் சுவரையும் அண்ணாந்து பார்த்தார். சுவரில் ஒட்டியிருந்த பஞ்சையும் பார்த்தார்.

"நல்ல காத்தோட்டமான ஊடுங்க" என்றார்.

"ஆமாங்க" என்றேன்.

வாசலில் வைத்துக் குளிப்பாட்டினார்கள். நான் கட்டிவிட்ட கறுப்புக் கயிற்றை அறுத்தார்கள். பங்காளி மகன் ஒருவன் கொள்ளிக்குடம் எடுத்தான். கிளம்பும்போது புரோக்கர் செல்போனில் மணி பார்த்தார். நாலு மணி நேரத்துக்கு இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது.

சுடுகாட்டிலிருந்து ஆட்கள் திரும்பி வருவதற்குள் பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டோம். விளக்கு வைத்து எல்லாரும் கும்பிட்டுவிட்டுக் கலைந்தார்கள். பந்தல்காரர்கள் அவிழ்க்க ஆரம்பித்தார்கள். கூலிக்காரர்கள் மூட்டைகளை உள்ளே கொண்டுபோக நின்றார்கள். நான் பாயிடம் போய்க் கைகூப்பினேன். அவர் சட்டைப் பையிலிருந்து மடித்த துணிப்பை ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். பிரித்தேன். அப்பாவின் வெள்ளிக் கொடி.

"என்னங்க இது?"

"அட்வான்ஸுங்கம்மா" என்றார் பாய். "அவரு ஊடு மாதிரி வந்து வெச்சுக்கட்டும், காசு பேச்செல்லாம் வேண்டாம்னுதான் சொன்னேன். சும்மா குடுத்தா வேண்டாம்னு சொல்லி உட்டுட்டாருங்க. வாடகை ஊட்டுக்கு அட்வான்ஸ் இல்லாம எப்படின்னு இதைக் குடுத்தனுப்புனாரு. காலி பண்றப்பத் திருப்பிக் குடுக்கோணுமில்லீங்க."

"வாடகை எவ்வளவுங்க?"

"வாடகை பேசலீங்க. அட்வான்ஸ் மட்டுந்தான் பேசுனோம்."

புரோக்கர் மொபெட்டை ஸ்டாண்டிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தார். அவரிடம் போய், போன் எடுக்காமல் விட்டதற்கு மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன். எதற்காக எடுக்கவில்லை என்பதைச் சொல்லவில்லை. "வேலையா இருப்பீங்கன்னு நெனச்சேனுங்கக்கா. வாரேனுங்க" என்று கிளம்பிப் போனார்.

கொடியைக் கையில் சுற்றிக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை நடந்தேன். அங்கே போய்த்தான் எனக்கு அழுகை வந்தது. என் வாழ்நாளில் எத்தனையோ வீட்டுக்காரர்களிடம் சாவியைத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். பெயின்ட்டுக்கு என்று எதையும் பிடித்துக்கொள்ளாமல் அட்வான்ஸை முழுதாகத் திருப்பிக் கொடுத்தவர் அவர் ஒருவர்தான்.